ஒரு கிண்ணம் நனைத்த அவல்: சிறப்புத் தேவையுள்ள தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமையல் கற்றுத் தரும் முறை

சமையல் வகுப்பு என்றதும் பெரும்பாலான பள்ளிகளில் நடப்பது இதுதான். டீச்சர் நறுக்குவார், டீச்சர் கலக்குவார், பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்துவிட்டுச் சாப்பிடுவார்கள். படம் எடுத்துப் பதிவேட்டில் ஒட்டிவிடலாம். ஆனால் பிள்ளையின் கை எதையும் கற்றிருக்காது. அடுத்த வாரம் வேறு பலகாரம், அதற்கடுத்த வாரம் இன்னொன்று என்று போனால் நிலைமை இன்னும் மோசம். கற்றல் மெதுவாக நடக்கும் ஒரு குழந்தைக்குப் புதுமை உதவாது, திரும்பத் திரும்பச் செய்வதுதான் உதவும். ஒரு பருவத்துக்கு இரண்டு பலகாரம் போதும். ஒன்றை எட்டு வாரம் செய்தாலும் தவறில்லை. சலிப்பு பெரியவர்களுக்குத்தான் வரும்.

இந்த வழிகாட்டி ஆட்டிசம், டவுன் சின்ட்ரோம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ள 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. எடுத்துக்கொண்ட பலகாரங்கள் குமரி மாவட்டத்து வீடுகளில் அன்றாடம் புழங்குபவை. பள்ளியில் கற்றது வீட்டில் தொடர வேண்டுமானால் அந்தப் பண்டம் வீட்டு அடுக்களையிலும் இருக்க வேண்டும். பாஸ்தாவும் சாண்ட்விச்சும் செய்யப் பழகிய பிள்ளைக்கு வீட்டில் அதைச் செய்து காட்ட வாய்ப்பே வராது.

வகுப்புக்கு முன்னால் கேட்டு வைக்க வேண்டியவை

பெற்றோரிடம் வாய்மொழியாகக் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணும் இல்ல டீச்சர்" என்றுதான் பதில் வரும். ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். வேர்க்கடலை, முந்திரி, பால், தேங்காய் ஒவ்வாமை உண்டா? வலிப்பு வருமா, கடைசியாக எப்போது வந்தது? சாப்பிடும்போது அடிக்கடி இருமுகிறதா, தண்ணீர் குடித்ததும் புரையேறுகிறதா? உணவல்லாததை (மண், சாக்பீஸ், துணி) வாயில் போடும் பழக்கம் உண்டா?

புரையேறும் கேள்வியைத் தவறவிடவே கூடாது. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகள் பலருக்கும், டவுன் சின்ட்ரோம் உள்ள சிலருக்கும் விழுங்குவதில் சிக்கல் இருக்கும். கெட்டியான பண்டம்தான் தொண்டையில் அடைக்கும் என்று நினைக்கிறோம். இவர்களில் பலருக்கு மோர், தண்ணீர் போன்ற நீர்த்த பானமே அதிக ஆபத்து, ஏனென்றால் மூச்சுக்குழாயின் வாய் மூடிக்கொள்ளும் முன்பே அது இறங்கி உள்ளே போய்விடும். அப்படிப்பட்ட பிள்ளை செய்யலாம், கலக்கலாம், பரிமாறலாம். எதை எந்தப் பதத்தில் சாப்பிடலாம் என்பதை மருத்துவரோ பேச்சுப் பயிற்சியாளரோ சொல்ல வேண்டும்.

உலர்ந்த அவலைக் கைநிறைய அள்ளி வாயில் எறியும் பிள்ளைகள் உண்டு. உலர் அவல் தொண்டையில் ஒட்டும், மூச்சு இழுத்தால் உள்ளே போகும். அவல் டப்பா எப்போதும் பெரியவர் கையருகே இருக்கட்டும்.

நேரமும் இடமும்

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு முடித்து வரும் பிள்ளைக்கு 9.30 மணிக்குப் பசி இருக்காது, ஆர்வமும் இருக்காது. மதியச் சத்துணவுக்குச் சற்று முன்னால் வைத்தால் பசியில் பொறுமை போய்விடும். 10.45 முதல் 11.30 வரை நல்ல நேரம். 10 நிமிடம் கை கழுவலும் படம் பார்த்தலும், 20 நிமிடம் சமையல், மீதி சாப்பாடும் கழுவித் துடைத்தலும். கடைசிப் பகுதியை மணி அடித்துவிட்டது என்று வெட்டாதீர்கள். தட்டு கழுவுவதும் பாடம்தான், வீட்டில் முதலில் பயன்படப் போவதும் அதுதான்.

ஒரு குழுவுக்கு 4 முதல் 6 பிள்ளைகள், 2 பெரியவர்கள். ஆளுக்கொரு கிண்ணம், ஆளுக்கொரு கரண்டி. ஒரே பாத்திரத்தில் முறைவைத்துக் கலக்கச் சொன்னால் ஒரு பிள்ளை கலக்கும் நேரத்தில் ஐந்து பிள்ளைகள் சும்மா இருப்பார்கள். வகுப்பறைச் சிக்கல்களில் பாதி அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் முளைக்கும்.

மேசையின் உயரம் பிள்ளையின் முழங்கை மட்டத்தில் இருக்கட்டும். கால் தொங்கினால் கை உறுதியாக நிற்காது, எனவே காலடியில் ஒரு பலகையோ கவிழ்த்த பெட்டியோ போடுங்கள். கிண்ணத்துக்கு அடியில் ஈரத்துணியை நான்காக மடித்து வைத்தால் வழுக்காது. ஒரு கையை மட்டும் பயன்படுத்தும் பிள்ளைக்கு இந்த ஈரத்துணிதான் இரண்டாவது கை. பிடிப்பு தளர்ந்த விரல்களுக்குக் கரண்டிக் காம்பில் பழைய துணியைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டுத் தடிமனாக்குங்கள், அல்லது சைக்கிள் கைப்பிடி உறையை மாட்டுங்கள். விலை கொடுத்து வாங்கும் சிறப்புக் கரண்டிகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

முதல் பலகாரம்: நனைத்த அவல்

அடுப்பும் கூர்மையான கத்தியும் வேண்டாம், தோற்றாலும் சாப்பிடலாம் என்பதால் இதிலிருந்து தொடங்குவது நல்லது. ஒரு பிள்ளைக்கான அளவு:

மெல்லிய சிவப்பு அவல்: 100 மில்லி பிடிக்கும் சின்ன டம்ளரில் தலைதட்டி 1
தண்ணீர்: 3 மேசைக்கரண்டி
தேங்காய்த் துருவல்: 2 மேசைக்கரண்டி
கருப்பட்டிப் பாகு: 1 மேசைக்கரண்டி
மட்டிப்பழம் (குமரியில் விளையும் சின்ன வாழைப்பழம்): 1

பாகை முந்தின நாளே பெரியவர் காய்ச்சி வைக்க வேண்டும். 250 கிராம் கருப்பட்டியை உடைத்து ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, மறுபடி 5 நிமிடம் கொதிக்கவிட்டு ஆற வையுங்கள். வடிகட்டாமல் விட்டால் அடியில் தங்கும் மண்ணும் சுண்ணாம்பும் பல்லில் நறநறக்கும். வாயில் மணல் தட்டுப்பட்ட அனுபவம் ஒரு முறை ஏற்பட்டால், ஆட்டிசம் உள்ள பிள்ளை அந்தப் பண்டத்தையே மாதக்கணக்கில் தொடாது. பாகு முழுக்க ஆறியிருக்கட்டும், சூடாக ஊற்றினால் அவல் கூழாகும்.

மட்டிப்பழத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. குமரி மட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பது ஒரு பக்கம். அடுக்களை நோக்கில் பார்த்தால், அது சின்னது, தோல் மெல்லியது, சதை மிருதுவானது. பலவீனமான விரலுக்கும் உரிக்க வரும், கரண்டி விளிம்பாலேயே வெட்டலாம். காம்புப் பக்கம் பெரியவர் நகத்தால் ஒரு சின்னக் கீறல் போட்டுக் கொடுத்தால் போதும். ஏத்தன் பழம் (நேந்திரன் வாழை) இந்தக் கட்டத்துக்கு ஆகாது, தோல் தடிப்பு. ஆனால் நறுக்கப் பழகும் கட்டம் வந்ததும் ஏத்தன்தான் சரி, ஏனென்றால் மட்டி கத்திக்கு அடியில் நசுங்கிவிடும்.

செய்முறை ஏழு படிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம்.

1. கை கழுவு.
2. டம்ளரில் அவல் அள்ளு, தலைதட்டு, கிண்ணத்தில் கொட்டு.
3. தண்ணீர் தெளி.
4. பழம் உரி, வெட்டு.
5. தேங்காய் 2 கரண்டி போடு.
6. பாகு 1 கரண்டி ஊற்று.
7. கிளறு.

நான்காவது படியைக் கவனியுங்கள். மெல்லிய அவல் ஊற 5 நிமிடம் வேண்டும். "காத்திரு" என்று ஒரு படம் வைத்தால் யாரும் காத்திருக்க மாட்டார்கள். அந்த 5 நிமிடத்துக்குள் பழவேலையைச் செருகிவிட்டால் காத்திருப்பு என்ற ஒன்றே தெரியாது.

மூன்றாம் படியில்தான் அதிகம் தவறும். கரண்டியில் தண்ணீர் எடுத்தால் மூன்று கரண்டியும் ஒரே இடத்தில் விழும். அந்த இடம் கஞ்சியாகும், சுற்றிலும் அவல் உலர்ந்தே கிடக்கும். அளந்த தண்ணீரை ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி, மூடியில் ஐந்தாறு ஓட்டை போட்டுக் கொடுங்கள். கவிழ்த்து உலுக்கினால் எங்கும் சமமாகத் தெளியும். ஊறிவிட்டதா என்று பார்க்க ஒரு அவலை விரலிடையே நசுக்கச் சொல்லுங்கள். நடுவில் கடினமாகத் தட்டினால் இன்னும் அரைக் கரண்டி தண்ணீர் தெளிக்கலாம். கெட்டி அவல்தான் கிடைத்தது என்றால் இந்தக் கணக்கு செல்லாது. அதைக் கழுவி, மூழ்க நீர் விட்டு 10 முதல் 15 நிமிடம் ஊறவைத்துப் பிழிய வேண்டும். பிழிவது வேறொரு திறன், அதைப் பிற்பாடு வைத்துக்கொள்ளுங்கள்.

குமரியில் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் உண்டு. ஜூனிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் அவல் நமுத்துப் போகும், கருப்பட்டி கசிந்து பூஞ்சை பிடிக்கும். நமுத்த அவல் முன்பே ஈரம் குடித்திருப்பதால் 3 கரண்டி தண்ணீர் அதிகமாகிவிடும், 2 போதும். காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. துருவிய தேங்காயை வகுப்புக்குச் சற்று முன்னால் துருவுங்கள். காலையிலேயே துருவி மூடி வைத்தது பதினோரு மணிக்கெல்லாம் புளிப்பு வாடை அடிக்கலாம்.

எந்தப் படியை முதலில் கற்றுத் தருவது?

கடைசிப் படியை. முதல் இரண்டு வாரம் ஆறு படிகளையும் பெரியவர் செய்து, கிளறுவதை மட்டும் பிள்ளையிடம் விடுங்கள். கிளறி முடித்தவுடன் சாப்பாடு. தன் கை செய்த வேலைக்கும் கிடைத்த பலனுக்கும் இடையில் ஒரு நொடிகூட இல்லை. கிளறுவது தானாக வந்ததும் பாகு ஊற்றுவதையும் சேருங்கள். பிறகு தேங்காய். இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். முன்னாலிருந்து தொடங்கினால், அவல் அளந்த பிள்ளை பலனைப் பார்க்க 15 நிமிடம் ஆகும். அதற்குள் அளந்ததே மறந்துபோகும்.

கை கழுவுவது மட்டும் விதிவிலக்கு. அதை முதல் நாளிலிருந்து எல்லோரும் செய்ய வேண்டும், சோப்பு நுரையுடன் 20 நொடி.

படங்கள்

இணையத்தில் எடுத்த கேலிப்படம் வேண்டாம். உங்கள் பள்ளியின் அதே கிண்ணம், அதே டம்ளர், அதே பாட்டிலைக் கைபேசியில் படம் எடுங்கள். பின்னணியில் வேறு பொருள் இருக்கக் கூடாது. அஞ்சலட்டை அளவில் அச்சிட்டு லாமினேட் செய்து இடமிருந்து வலமாக ஒட்டுங்கள். ஒரு படி முடிந்ததும் பிள்ளையே அந்த அட்டையைப் பிய்த்து "முடிந்தது" என்ற டப்பாவில் போடட்டும். அடுத்து என்ன என்று உங்கள் முகத்தைப் பார்க்காமல் அட்டையைப் பார்க்கும் பழக்கம் இப்படித்தான் வரும்.

அட்டையில் எழுதும் சொல் வீட்டுச் சொல்லாக இருக்கட்டும். விளவங்கோடு, குலசேகரம் பக்கத்துப் பிள்ளைக்கு வீட்டில் தண்ணீர் "வெள்ளம்" ஆக இருக்கலாம். பேச்சே ஐந்தாறு சொல்தான் உள்ள பிள்ளையிடம் பாடப்புத்தகச் சொல்லைப் புதிதாகத் திணிப்பது வீண். அம்மா என்ன சொல்கிறாரோ அதையே எழுதுங்கள், சொல்லுங்கள்.

பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளைக்குப் படத்துக்குப் பதில் பொருளே அட்டை. டம்ளர், பாட்டில், பழம், கரண்டியை வரிசையாக ஒரு தட்டில் வையுங்கள். வெள்ளை அவலை வெள்ளைக் கிண்ணத்தில் கொடுக்காதீர்கள், கொஞ்சம் பார்வை உள்ள பிள்ளைக்கும் அது மறைந்துவிடும். செவித்திறன் குறைந்த பிள்ளைக்கு எதிரே நில்லுங்கள், உங்கள் முதுகுப் பக்கம் ஜன்னல் வேண்டாம். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும்.

உதவி செய்வதில் உள்ள நுட்பம்

பிள்ளை நின்றுவிட்டால் உடனே வாயைத் திறக்காதீர்கள். மனத்துக்குள் 10 வரை எண்ணுங்கள். நமக்கு நீளமாகத் தெரியும் அந்த இடைவெளி, கேட்டதைப் புரிந்து கையை அசைக்க அந்தப் பிள்ளைக்குத் தேவையான நேரம். அதன் பிறகும் நகரவில்லை என்றால் அட்டையைத் தொட்டுக் காட்டுங்கள். அடுத்ததாக நீங்களே உங்கள் கிண்ணத்தில் செய்து காட்டுங்கள். கடைசியாகத்தான் கையைப் பிடிப்பது. பின்னால் நின்று, அனுமதி கேட்டு, முழங்கையிலோ மணிக்கட்டிலோ லேசாக. தொடுதல் பிடிக்காத பிள்ளைக்கு உங்கள் கையின் மேல் அதன் கையை வைக்கச் சொல்லுங்கள். உங்கள் கை வேலை செய்யும், அதன் கை கூடவே போகும், வேண்டாம் என்றால் எடுத்துக்கொள்ளலாம்.

"ம்... போடு மக்கா, இன்னொண்ணு, ம்..." என்று ஒவ்வொரு அசைவுக்கும் பேச்சு கொடுப்பது பாசத்தில் வருகிற பழக்கம். ஆனால் எல்லா உதவிகளிலும் விலக்கக் கடினமானது இந்தப் பேச்சுதான். ஒரு மாதத்தில் பிள்ளை அந்த "ம்..." வந்தால்தான் கரண்டியை அசைக்கும். சைகையை மெல்ல மெல்லக் குறைக்கலாம், பேச்சை அப்படிக் குறைப்பது கடினம். எனவே வேலை நடக்கும்போது மௌனம், முடிந்தபிறகு பாராட்டு. பாராட்டும்போது "நல்ல பிள்ளை" என்பதைவிட "தண்ணி எல்லா இடத்திலயும் தெளிச்சிட்டியே" என்பது பயன் தரும். எதற்குப் பாராட்டு என்று தெரிந்தால்தானே மறுபடி செய்ய முடியும்?

ஒட்டும் பண்டத்தைத் தொட மறுக்கும் பிள்ளையைக் கட்டாயப்படுத்த வேண்டாம். நீளக் கரண்டி கொடுங்கள், பக்கத்தில் ஒரு ஈரத்துண்டு வையுங்கள். கையைத் துடைக்க வழி இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பேர் தொட்டுப் பார்ப்பார்கள். சாப்பிட மறுத்தாலும் அப்படியே. பார்ப்பது, முகர்வது, உதட்டில் படவிடுவது எல்லாம் முன்னேற்றம்தான். மிக்ஸி சத்தம் தாங்காத பிள்ளைகளுக்காக அரைக்கும் வேலைகளை வகுப்பில் வைக்கவே வேண்டாம்.

பதிவு

பதிவேட்டில் "நன்றாகப் பங்கேற்றான்" என்று எழுதுவதால் ஒரு பயனும் இல்லை. ஏழு படிகளுக்கு ஏழு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எழுத்து: தானாகச் செய்தால் "த", அட்டையைக் காட்டியபின் "அ", செய்து காட்டியபின் "செ", கை பிடித்தால் "கை". ஒரு படியில் தொடர்ந்து மூன்று வகுப்பு "த" விழுந்தால் அடுத்த படிக்குப் போகலாம். மூன்று வாரமும் "கை" என்றே இருந்தால் குறை பிள்ளையிடம் இல்லை, படி பெரிதாக இருக்கிறது. உடையுங்கள். "பழம் உரி" என்பதே காம்பைப் பிடி, கீழே இழு, திருப்பு, மறுபடி இழு என்று நான்காகும். சிறப்பாசிரியர் எழுதும் தனிநபர் கல்வித் திட்டத்திலும் இந்தத் தாளையே சான்றாக வைக்கலாம். தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு, டம்ளரும் கரண்டியும் எண்ணுவது தமிழக அரசின் "எண்ணும் எழுத்தும்" திட்டப் பாடத்துக்கும் கணக்காகும்.

இரண்டாவது பலகாரம்: இலையப்பம்

அவல் கைவந்தபிறகு இது. ஆவியில் வேக வேண்டும் என்பதால் அடுப்பு வேலை பெரியவருடையது. பிசைவதும் இலையில் பரத்துவதும் மடிப்பதும் பிள்ளைகளுடையது. மூளை முடக்குவாதத்தால் விரல் மடங்கியிருக்கும் கைக்கு, உள்ளங்கையை விரித்து மாவைப் பரத்துவது நல்ல பயிற்சி.

10 முதல் 12 எண்ணத்துக்கு: வறுத்த அரிசி மாவு 2 டம்ளர், தேங்காய்த் துருவல் 1 டம்ளர், கருப்பட்டிப் பாகு ஏறக்குறைய 1 டம்ளர், உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காயும் சுக்கும் பொடித்தது அரைத் தேக்கரண்டி. பாகை நன்றாகக் கொதிக்கவிட்டுப் பெரியவர் மாவில் ஊற்றி மரக்கரண்டியால் கிளற வேண்டும். ஆறிய பாகை ஊற்றினால் மாவு சேராது, உதிரும். சூடு பட்டால்தான் அரிசி மாவு நீரை இழுத்து ஒட்டும் பதத்துக்கு வரும். மூடி வைத்து 15 நிமிடம் கழித்து, உங்கள் உள்மணிக்கட்டில் வைத்துப் பார்த்து இளஞ்சூடு என்றால் மட்டும் பிள்ளைகளிடம் கொடுங்கள். உருண்டையில் வெடிப்பு விழுந்தால் ஒரு கரண்டி வெந்நீர், கையில் ஒட்டினால் கொஞ்சம் மாவு.

வாழையிலையைத் தணலில் வாட்டி ஒரு சாண் சதுரமாக நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். வாட்டாத இலை மடிக்கும்போது கிழியும், பிள்ளைக்குத் தன்னால்தான் கெட்டது என்று தோன்றும். வயணை இலை (பட்டை இன மரத்தின் இலை) கிடைத்தால் மணம் பிரமாதம், ஆனால் சிலருக்கு அந்த வாசனையே ஒவ்வாது. முதல் தடவை வாழையிலை போதும். கார்த்திகைக்குச் செய்யும் ஓலைக் கொழுக்கட்டையும் இதே மாவுதான், ஆனால் பனையோலை விளிம்பு விரலைக் கிழிக்கும் என்பதால் சின்னப் பிள்ளைகளிடம் ஓலையைக் கொடுக்க வேண்டாம்.

எலுமிச்சை அளவு உருண்டை, இலையில் விரல் தடிமனில் பாதியளவுக்குப் பரத்தல், இரண்டாக மடித்தல். ஆவியில் 15 முதல் 20 நிமிடம். இலை ஒட்டாமல் பிரிந்தால் வெந்துவிட்டது. ஒரு இலையப்பம் தடிமனாகவும் ஒன்று மெல்லியதாகவும் இருந்தால் ஒன்று வேகாது. அதனால் பரத்தும் வட்டத்தை இலைக்கு அடியில் ஒரு அட்டையில் வரைந்து வையுங்கள், அந்த வட்டத்தை மாவு நிரப்பினால் போதும். அவித்ததை உடனே கொடுக்காதீர்கள். வெளியே ஆறினாலும் உள்ளே இருக்கும் பாகு சுடும். 20 நிமிடம் கழித்துப் பிரிக்கட்டும்.

எடுத்துக்கொள்ளவே கூடாதது

மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) நம் ஊர் உணவுதான், மலிவும்கூட. ஆனாலும் பச்சையாக இந்த வகுப்புக்கு வேண்டாம். பச்சைக் கிழங்கில் சயனைடை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. தோல் நீக்கி, சிறு துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் திறந்து வேகவைத்து அந்த நீரைக் கொட்டினால்தான் அது போகும். நறுக்கும்போதே பச்சைத் துண்டை வாயில் போட்டுக்கொள்ளும் பிள்ளை இருக்கிற இடத்தில் அதை மேசைமேல் வைக்கக் கூடாது. வேகவைத்து வடித்த கிழங்கை மசிக்க மட்டும் கொடுத்தால் பிரச்சினை இல்லை.

சூடும் கத்தியும்

நறுக்கும் பயிற்சிக்கு வெண்ணெய் தடவும் மழுங்கல் கத்தியும் பழுத்த ஏத்தன் பழமும். விரல் நுனியை உள்ளே மடக்கிப் பிடிப்பதைக் கத்தி இல்லாமலே ஒரு வாரம் பழக்குங்கள். வலிப்பு கட்டுக்குள் வராத பிள்ளைக்குக் கூர்கத்தியும் அடுப்பும் தொடக்கப் பள்ளியில் வேண்டாம். இன்டக்ஷன் அடுப்பில் தீ தெரியாது என்பதால் பாதுகாப்பு என்று நினைப்பார்கள். பாத்திரத்தை எடுத்தபிறகும் அந்தக் கண்ணாடித் தட்டு சுட்டுக்கொண்டிருக்கும், அது சுடுகிறது என்பதற்குக் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் பிள்ளைக்கு இல்லை.

சுட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, மை, பனிக்கட்டி எதுவும் வேண்டாம். கொப்புளம் வந்தாலோ முகம், கை, மூட்டில் பட்டாலோ மருத்துவமனைக்குப் போங்கள்.

வீட்டுக்கு அனுப்பும் அட்டை

மூன்று "த" விழுந்த படியின் அட்டையை மட்டும் நகலெடுத்து வீட்டுக்குக் கொடுங்கள். ஏழு அட்டையையும் கொடுத்தால் அம்மா பயந்துவிடுவார், ஆச்சி "சின்னப் பிள்ளைய அடுக்களைல விடுவியா" என்று சண்டைக்கு வருவார். கூடவே அதே அளவு டம்ளரையும் கொடுத்துவிடுங்கள். வீட்டு டம்ளர் பெரிதாக இருந்தால் அளவு மாறும், பிள்ளை குழம்பும். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள், ஒரு கிண்ணம், அந்த ஒரு படியை மட்டும் பிள்ளை செய்யட்டும், மீதியை அம்மா செய்யட்டும். திங்கட்கிழமை கேட்க வேண்டிய கேள்வி "செஞ்சானா?" என்பதல்ல, "எந்த இடத்துல நின்னான், நீங்க என்ன சொன்னீங்க?" என்பது. பதிலை அந்தக் கட்டத்திலேயே எழுதி வையுங்கள்.